லாட்ஜ் அறையில் மூட்டைப்பூச்சி இருக்கிறதா? பையை இறக்கும் முன் பார்த்துவிடுங்கள்

கேள்வி: "பள்ளி விடுமுறையில் குழந்தைகளோடு மதுரை, ராமேஸ்வரம், கொடைக்கானல் என்று ஐந்து நாள் பயணம். மூன்று ஊரிலும் நடுத்தர வாடகை லாட்ஜ்தான். அறையில் மூட்டைப்பூச்சி இருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இருந்தால் என்ன செய்வது?"

பதில்:

கடியைப் பற்றி அதிகம் கவலைப்படாதீர்கள். ஊறும், தடிக்கும், ஒன்றிரண்டு வாரத்தில் மறைந்துவிடும். மூட்டைப்பூச்சி கடித்து மனிதனுக்கு நோய் பரவியதாக இதுவரை நிரூபணம் இல்லை. உண்மையான நஷ்டம் வேறு. கருவுற்ற ஒரே ஒரு பெண் பூச்சி உங்கள் பையின் தையலுக்குள் ஒட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தால் போதும். நாளைக்கு ஒன்றிலிருந்து ஐந்து முட்டை வரை இடும். ஆயுளில் 200, நன்றாக ரத்தம் கிடைத்தால் அதற்கு மேலும். நம் ஊர் வெப்பத்தில் முட்டை ஒரு வாரம், பத்து நாளில் பொரிந்து, ஒன்றரை மாதத்துக்குள் குஞ்சு முழுப் பூச்சியாகிவிடும். வீட்டில் சோபா, அலமாரி, கட்டில் என்று இடம் பிடித்த பிறகு விரட்டுவதற்கு ஆகும் செலவும் தூக்கம் கெடுவதும் அந்த ஐந்து நாள் பயணச் செலவை விட அதிகமாகிவிடும். அதனால்தான் அறைக்குள் போனதும் பையைக் கட்டில் மேல் போடும் பழக்கத்தை முதலில் விட வேண்டும்.

சாவி வாங்கியதும் ஒருவர் மட்டும் அறைக்குள் போங்கள். மற்றவர்கள் குழந்தைகளோடு கீழே ரிசப்ஷனில் உட்காரட்டும். ரூம் பாய் பையைத் தூக்கிக்கொண்டு கூடவே வந்துவிட்டால், "வெளியிலேயே வையுங்க தம்பி, ஒரு நிமிஷம்" என்று வராந்தாவில் வைக்கச் சொல்லுங்கள். வராந்தாவில் வைக்க முடியாவிட்டால் பாத்ரூமில், தண்ணீர் படாத ஓரத்தில் வைக்கலாம். அங்கே டைல்ஸ், வெளிர் நிறம், மரம் கிடையாது, துணி கிடையாது, படுக்கையிலிருந்து தள்ளி இருக்கிறது. பூச்சி ஒளிய இடம் குறைவு, வந்தாலும் கண்ணில் படும். டைல்ஸில் மூட்டைப்பூச்சி ஏறாது என்று சிலர் உறுதியாகச் சொல்வார்கள். அதை நம்பாதீர்கள். உலகில் மனிதரைக் கடிக்கும் முக்கிய இனங்கள் இரண்டு. குளிர் நாடுகளில் உள்ளது சைமெக்ஸ் லெக்டுலேரியஸ். தமிழ்நாடு மாதிரி வெப்ப இடங்களில் அதிகம் காண்பது சைமெக்ஸ் ஹெமிப்டெரஸ். இந்த இரண்டாவது இனத்தின் காலில் பிடிமானம் அதிகம், கண்ணாடி மாதிரி வழவழப்பான பரப்பிலும் ஏறும். வெளிநாட்டு வீடியோக்களில் காட்டும், கட்டில் காலுக்கு அடியில் வைக்கும் வழுக்கும் கிண்ணப் பொறிகள் நம் ஊரில் பல சமயம் ஏமாற்றுவது இதனால்தான்.

பார்க்கும் வேலைக்கு மொத்தம் ஏழெட்டு நிமிடம் ஆகும். போன் டார்ச், பழைய ஏ.டி.எம். கார்டு ஒன்று, ஈரமாக்கிய வெள்ளை டிஷ்யூ அல்லது பஞ்சு, இவ்வளவுதான் சாமான்.

எதைத் தேடுகிறோம் என்பதில்தான் பெரும்பாலானவர்கள் தவறுகிறார்கள். ஊர்ந்து போகும் பூச்சியைத் தேடுகிறார்கள், பகலில் அது கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்த்தாலும் தெரியாது, "சுத்தமான ரூம்" என்று பையைத் திறந்துவிடுகிறார்கள். தேட வேண்டியது அதன் கறையை. மூட்டைப்பூச்சி குடித்த ரத்தத்தைச் செரித்துக் கழிவாக விடும்போது அது கறுப்பு மைப்புள்ளியாக விழும். பேனா முனையால் துணியில் குத்திய மாதிரி இருக்கும், துணியில் விழுந்தால் ஓரம் லேசாகக் கசிந்து பரவியிருக்கும். பிளைவுட்டிலோ ரெக்ஸினிலோ விழுந்தால் பரவாமல் சிறு புடைப்பாக உறைந்திருக்கும். ஒன்றிரண்டு அல்ல, ஒரே இடத்தில் ஐந்து, பத்து என்று கூட்டமாக, தையலை ஒட்டியோ இடுக்கை ஒட்டியோ இருக்கும். இதற்கு அடுத்து தேட வேண்டியது உரித்த தோல். குஞ்சு ஐந்து முறை தோல் உரித்துத்தான் முழுப் பூச்சியாகிறது, ஒவ்வொரு முறையும் அதற்கு முன் ஒரு வயிறு ரத்தம் வேண்டும். அந்தத் தோல் தேன் நிறத்தில், பூச்சியின் உருவத்திலேயே, உள்ளே ஒன்றுமில்லாமல் ஒளி ஊடுருவும்படி கிடக்கும். முட்டை வெள்ளை ரவை மாதிரி, சுமார் ஒரு மில்லிமீட்டர், நீள்வட்டம். தலையில் ஈர் ஒட்டியிருப்பது போல இதுவும் பசையோடு ஒட்டியிருக்கும், தட்டினால் விழாது.

பூச்சியே கண்ணில் பட்டால் அடையாளம் எளிது. பெரியது மைசூர் பருப்பு அளவு, சுமார் ஐந்து மில்லிமீட்டர், தட்டை, பழுப்புச் சிவப்பு. ரத்தம் குடித்ததும் நீண்டு உருண்டு கருஞ்சிவப்பாகும். இப்போதுதான் பொரிந்த குஞ்சு கசகசாவை விடக் கொஞ்சம் பெரிது, நிறமே இருக்காது, வெள்ளை விரிப்பில் தெரியவே தெரியாது. வயிற்றில் ரத்தம் ஏறினால் மட்டும் சிவப்புப் புள்ளியாகத் தெரியும். இறக்கை கிடையாது, குதிக்காது.

இனி கட்டில். தலைமாட்டிலிருந்து ஆரம்பியுங்கள். தூங்குபவரின் மூச்சிலிருந்து வரும் கரியமில வாயுவும் உடல் சூடும்தான் பூச்சியை இழுக்கின்றன. சாப்பாடு கிடைக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே வீடு கட்டிக்கொள்ளும் பூச்சி இது. அதனால் கால்மாட்டில் ஒன்றும் இல்லாமல் தலைமாட்டில் மட்டும் இருப்பது சாதாரணம், தலைமாட்டில் ஒன்றும் இல்லாமல் கால்மாட்டில் மட்டும் இருப்பது அபூர்வம். நேரமே இல்லை என்றால் தலைமாட்டின் இரண்டு மூலைகளையாவது பாருங்கள்.

பெட்ஷீட்டின் மேல்பக்கம் வெள்ளை வெளேர் என்று இருப்பதால் ஒன்றும் தெரியவராது. அது காலையில்தான் மாற்றியது. தலைமாட்டு மூலையில் விரிப்பை உருவி, அதன் கீழே இருக்கும் உறையையும் தள்ளி, மெத்தையின் வெறும் உடம்பைப் பாருங்கள். மெத்தை ஓரத்தைச் சுற்றிக் கயிறு மாதிரி தடித்த தையல் பட்டி ஓடும். மேலே ஒன்று, கீழே ஒன்று. டார்ச்சை நேராகக் காட்டாமல் மெத்தையோடு படுக்கவைத்துக் காட்டுங்கள். ஒளி பக்கவாட்டில் பட்டால்தான் தோலுக்கும் முட்டைக்கும் நிழல் விழும். ஒரு கையால் பட்டியை விரித்துப் பிடித்து, மறுகையால் ஏ.டி.எம். கார்டின் ஓரத்தைத் தையல் பள்ளத்தில் மெதுவாக இழுத்து வாருங்கள். இருபது சென்டிமீட்டர் இழுத்தால் போதும். கார்டு முனையில் கறுப்புத் தூளோ உரித்த தோலோ வந்து சேர்ந்தால் விஷயம் தெரிந்துவிட்டது. கம்பெனி பெயர் தைத்த லேபிளின் அடியையும் புரட்டிப் பாருங்கள். இலவம்பஞ்சு மெத்தையாக இருந்தால் நடுநடுவே கட்டியிருக்கும் நூல் குழிகளைப் பார்க்க வேண்டும், அவற்றில் ஒவ்வொன்றும் ஒரு பொந்து.

பல லாட்ஜ்களில் மெத்தை வந்தபோது சுற்றியிருந்த பிளாஸ்டிக் கவரை அப்படியே விட்டிருப்பார்கள். கிழியாமல் இருந்தால் நல்லதுதான். கிழிந்திருந்தால் அதைவிட மோசமான மறைவிடம் வேறு இல்லை. கிழிசலின் ஓரத்தில் கறுப்புப் புள்ளிகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். உள்ளே கைவிட வேண்டாம்.

அடுத்து மெத்தையின் தலைமாட்டு மூலையைத் தூக்குங்கள். கனமாக இருந்தால் ஒரு சாண் தூக்கினால் போதும். மெத்தையின் அடிப்பக்கத்தை விட, அது உட்கார்ந்திருக்கும் பலகையைக் கவனமாகப் பாருங்கள். பிளைவுட் பெட்டிக் கட்டிலில் இரண்டு பலகை சேரும் இடம், ஓரத்தில் அடித்த பீடிங்கின் இடுக்கு, ஸ்க்ரூ தலைக் குழி, மைக்கா உரிந்து தூக்கியிருக்கும் இடம், இவை நான்கும். மைக்காவுக்கும் பிளைவுட்டுக்கும் நடுவில் ஒரு கார்டு நுழையும் இடைவெளி இருந்தால் பூச்சியும் நுழையும். இரும்புக் கட்டில் என்றால் பாதுகாப்பு என்று நினைக்காதீர்கள். சதுரக் குழாயின் முனையில் இருக்க வேண்டிய பிளாஸ்டிக் புஷ் விழுந்திருந்தால் குழாய் முழுக்க உள்ளே குடியிருப்பு. போல்ட் போடுவதற்காகத் துளைத்துவிட்டுப் போல்ட் போடாமல் விட்ட ஓட்டைகளும் அப்படித்தான். அந்த ஓட்டைகளைச் சுற்றி வட்டமாகக் கறுப்புப் புள்ளிகள் இருந்தால் உள்ளே பார்க்க வேண்டியதே இல்லை.

மெத்தையை விட முக்கியமான இடம் தலைமாட்டுப் பலகை. மெத்தையை எப்போதாவது வெயிலில் போடுவார்கள், மாற்றுவார்கள். சுவரில் திருகிய தலைமாட்டுப் பலகையைக் கழற்றிச் சுத்தம் செய்வது எந்த லாட்ஜிலும் அன்றாட வேலை இல்லை. பஞ்சு வைத்து ரெக்ஸின் அடித்து, பொத்தான் வைத்து இழுத்துக் கட்டிய பலகை என்றால் ஒவ்வொரு பொத்தான் குழியும் பார்க்க வேண்டிய இடம். பலகைக்கும் சுவருக்கும் நடுவில் உள்ள இடைவெளியில் கண்ணை நுழைக்க முடியாது, போனை நுழைக்கலாம். வீடியோவைப் போட்டு, ஃபிளாஷை எரியவிட்டு, மேலிருந்து கீழாக மெதுவாக ஒரு ஓட்டு ஓட்டுங்கள். பிறகு வெளியே எடுத்து வீடியோவைப் பெரிதாக்கிப் பாருங்கள். குனிந்து, முட்டி போட்டுத் தேடுவதை விட இந்த ஒரு நிமிட வீடியோ நிறையக் காட்டிக்கொடுக்கும். புகார் சொல்ல நேர்ந்தால் ஆதாரமாகவும் நிற்கும்.

கட்டிலை ஒட்டிய சுவரையும் ஒரு பார்வை பாருங்கள். பூச்சியை விரலால் நசுக்கித் தேய்த்த பழுப்புக் கோடுகள் மெத்தை உயரத்தில், படுத்தபடி கை எட்டும் தூரத்தில் இருக்கும். கொசு அடித்த கறை நின்றபடி கை எட்டும் உயரத்தில், அறை முழுக்கச் சிதறி இருக்கும், இறக்கையோ காலோ ஒட்டியிருக்கும். சுவரில் காரை பெயர்ந்த விரிசல், ஆணி பிடுங்கிய ஓட்டை, படச் சட்டத்தின் பின்பக்கம், திரைச்சீலையின் மேல் மடிப்பு, படுக்கைப் பக்கத்து மேசையின் டிராயர் அடி, இவற்றில் ஒவ்வொன்றுக்கும் அரை நிமிடம் போதும். சுவிட்ச் போர்டை வெளியிலிருந்து மட்டும் பாருங்கள், கார்டை நுழைத்துக் கிளற வேண்டாம். அதன் விளிம்பில் புள்ளிகள் இருந்தால், பூச்சி மின்குழாய் வழியாகப் பக்கத்து அறைக்கும் போய் வந்துகொண்டிருக்கலாம்.

தலையணை உறையைக் கழற்றி ஜிப் ஓரத்தைப் பாருங்கள். சோபாவோ குஷன் நாற்காலியோ இருந்தால் குஷனைத் தூக்கி அடியில் உள்ள மடிப்பைப் பாருங்கள். பிரம்பு முடைந்த நாற்காலியில் உட்காராமலே இருப்பது நல்லது.

கம்பளி தனிக் கதை. விரிப்பு மாற்றுகிற அளவுக்கு எங்கேயும் கம்பளி துவைப்பதில்லை. ரயிலில் ஏ.சி. பெட்டியில் தரும் கம்பளி மாதம் ஒரு முறையாவது துவைக்கப்படுகிறது என்று 2024 நவம்பரில் ரயில்வே அமைச்சகமே நாடாளுமன்றத்தில் சொன்னது. லாட்ஜில் எத்தனை நாளைக்கு ஒரு முறை என்று நீங்கள் கேட்டால்தான் தெரியும். கொடைக்கானலில் கம்பளி இல்லாமல் முடியாது. அங்கே ஓரத் தையலை விரித்துப் பார்த்துவிட்டு, உங்கள் வீட்டுப் போர்வையை உள்ளேயும் அவர்கள் கம்பளியை மேலேயும் போட்டுக்கொள்ளுங்கள். மலை ஊர் அறைகளில் மரப்பலகை அடித்த சுவரும் தரைவிரிப்பும் இருக்கும், ஒளியும் இடம் அதிகம், பார்க்கும் நேரத்தையும் கொஞ்சம் கூட்டுங்கள். சீசன் இல்லாமல் பூட்டிக் கிடந்த அறை என்றால் பட்டினியில் செத்திருக்கும் என்பதும் தவறு. குளிரில் அதன் உடல் மெதுவாக இயங்குவதால் ரத்தம் இல்லாமல் மாதக்கணக்கில் கிடக்கும். ராமேஸ்வரம் வெப்பத்தில் அவ்வளவு தாங்காது, ஆனால் அங்கே அறை காலியாகக் கிடப்பதே இல்லை.

கோயில் ஊர்களில் பொதுக் கூடங்களில் பாய் கொடுத்தால் பாயின் நடுவை அல்ல, ஓரத்தில் மடித்துத் தைத்த துணிப் பட்டையைப் பாருங்கள். கோரைப்பாயில் பூச்சி தங்கும் இடம் அதுதான்.

சந்தேகமான புள்ளி ஒன்று கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ஈர டிஷ்யூவை அதன் மேல் வைத்து ஐந்து விநாடி அழுத்தித் தேயுங்கள். மூட்டைப்பூச்சிக் கழிவு என்றால் செம்பழுப்பாகக் கரைந்து டிஷ்யூவில் இழுபடும், ரத்தம் அல்லவா. நம் ஊரில் ஏமாற்றும் கறைகள் சில உண்டு. மழைக்காலத்தில் பருத்தி மெத்தையில் பூக்கும் பூஞ்சைப் புள்ளி சாம்பல் கலந்த கறுப்பாக, மெத்தையின் நடுப்பரப்பிலும் பரவி இருக்கும், தையலைத் தேடிப் போகாது, தேய்த்தால் சிவக்காது. இரும்புக் கட்டில் துரு ஆரஞ்சு நிறத்தில், இரும்பு பட்ட கோட்டிலேயே இருக்கும். கரப்பான் கழிவு புள்ளியாக இல்லாமல் மிளகுத் தூள் மாதிரி தனித்தனிக் குருணையாக உதிரும். பூச்சியிலும் குழப்பம் வரும். கரப்பான் குஞ்சு நீளமான மீசையோடு வேகமாக ஓடும், மூட்டைப்பூச்சிக்கு மீசை குட்டை, நடையும் நிதானம். ஈரச் சுவரிலும் பழைய புத்தகத்திலும் இருக்கும் வெளிர் நிறச் சிறுபூச்சி யாரையும் கடிக்காது, அதைப் பார்த்து அறையைக் காலி செய்ய வேண்டாம்.

வாசனையையும் கவனியுங்கள். நிறைய இருந்தால் அறைக்குள் ஒரு திகட்டும் நெடி இருக்கும். கொத்தமல்லித் தழையைக் கசக்கியது கெட்டுப்போன மாதிரி என்று சொல்லலாம். ஆனால் கொஞ்சமாக இருக்கும்போது எதுவும் வராது. அதனால் நெடி இல்லை என்பதை நல்ல சான்றாக எடுத்துக்கொள்ள முடியாது. இப்போதுதான் அடித்த பூச்சிமருந்து நெடி, கட்டில் கால்களைச் சுற்றிப் பூச்சி சாக்பீஸால் போட்ட கோடு, இவை தென்பட்டால் இன்னும் கவனமாகப் பாருங்கள். எறும்புக்கோ கரப்பானுக்கோ கூட இருக்கலாம், கேட்டுவிடுங்கள்.

இதில் ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். அறைக்குள் போனதும் பூண்டு நாற்றமோ அழுகிய மீன் நாற்றமோ அடித்தாலோ, தலை சுற்றல், குமட்டல் வந்தாலோ ஒரு நிமிடம் கூட நிற்காதீர்கள். தானியக் கிடங்குக்குப் போடும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையைச் சிலர் விதியை மீறி மூட்டைப்பூச்சிக்கும் எலிக்கும் அறைகளில் வைக்கிறார்கள். ஈரக்காற்று பட்டதும் அதிலிருந்து பாஸ்பீன் வாயு வெளியாகும், கதவிடுக்கு வழியாகப் பக்கத்து அறைக்கும் போகும், உயிரைக் கொல்லும். குழந்தைகளுக்கு ஆபத்து இன்னும் அதிகம். உடனே வெளியே வந்து, லாட்ஜ்காரர்களுக்குச் சொல்லிவிட்டு, உடம்பு சரியில்லை என்றால் 108-ஐக் கூப்பிடுங்கள். மாற்று மருந்து கிடையாது, சீக்கிரம் ஆஸ்பத்திரிக்குப் போவதுதான் வழி.

சரி, அறையில் மூட்டைப்பூச்சி உறுதியாகிவிட்டது. போட்டோ எடுங்கள், அருகில் ஒரு நாணயத்தை வைத்து எடுத்தால் அளவு புரியும். ரிசப்ஷனில் சத்தம் போடாமல் படத்தைக் காட்டுங்கள். மேனேஜருக்கே தெரியாமல் இருக்க நிறைய வாய்ப்பு உண்டு, தினமும் விரிப்பை மட்டும் மாற்றுகிறவர் மெத்தையைத் தூக்குவதில்லை. வேறு அறை கேட்கும்போது பக்கத்து அறை, எதிர் அறை, நேர் மேல், நேர் கீழ் வேண்டாம் என்று சொல்லிக் கேளுங்கள். சுவர் விரிசலும் குழாய்த் துளையும்தான் அவற்றின் பாதை. புது அறையிலும் அதே ஏழு நிமிடச் சோதனையைச் செய்யுங்கள். அங்கேயும் புள்ளி கண்டால் லாட்ஜையே மாற்றுங்கள், மூன்றாவது அறை கேட்டு நேரத்தைக் கழிக்க வேண்டாம். பையைத் திறக்காமல், படுக்கையில் படுக்காமல், வந்த அரை மணிக்குள் சொல்கிறபோது முன்பணத்தைத் திருப்பித் தருவது பெரும்பாலும் எளிதாகவே நடக்கும். மறுநாள் காலையில் சொன்னால் வாக்குவாதம்தான். ஆன்லைனில் பதிவு செய்திருந்தால் அந்த ஆப்பிலேயே படத்தோடு புகார் போடுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. பில்லும் படமும் கையில் இருக்கட்டும்.

ராத்திரி பதினொரு மணி, திருவிழாக் கூட்டம், வேறு அறையே இல்லை என்ற நிலைமையும் வரும். அப்போது கட்டிலைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போடுங்கள். அவர்கள் விரிப்பை மடித்து ஓரமாக வைத்துவிட்டு உங்கள் சொந்த வெள்ளை விரிப்பை விரியுங்கள், அதன் ஓரம் தரையில் தொங்கக் கூடாது. பை பாத்ரூமிலேயே, ஜிப் மூடி, பெரிய பிளாஸ்டிக் கவருக்குள் முடிச்சுப் போட்டு இருக்கட்டும். கழற்றிய துணியைக் கட்டிலிலோ நாற்காலியிலோ போடாதீர்கள். பிரிட்டனில் ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்தார் 2017-இல் வெளியிட்ட ஆய்வில், உடுத்திக் கழற்றிய துணி வைத்த பையில் துவைத்த துணிப் பையை விட இரண்டு மடங்கு மூட்டைப்பூச்சிகள் போய்ச் சேர்ந்தன. நம் உடல் வாசனை அதில் இருப்பதுதான் காரணம். ஆகவே அழுக்குத் துணிக்கு இறுக்கமாக மூடும் தனிக் கவர், அதுவும் உடனுக்குடன். மின்விளக்கை எரியவிட்டுத் தூங்கினால் வராது என்பது பொய், பசித்த பூச்சி வெளிச்சத்திலும் வரும். நள்ளிரவுக்கும் விடியலுக்கும் நடுவில்தான் அதிகம் உலவும் என்பதால், சந்தேகம் தீராவிட்டால் மூன்று மணிக்கு அலாரம் வைத்து எழுந்து, சட்டென்று டார்ச் அடித்துத் தலையணையின் அடியையும் விரிப்பின் மடிப்பையும் பாருங்கள். ஒரு முறை குடிக்க ஐந்திலிருந்து பத்து நிமிடம் எடுத்துக்கொள்ளும், குடித்ததும் இடுக்குக்குத் திரும்பிவிடும். அதனால் தூங்கியவருக்குத் தெரிவதில்லை.

கொசு ஸ்ப்ரேயை மெத்தையில் அடித்துவிட்டுப் படுப்பதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். அந்த ஸ்ப்ரேக்களில் இருக்கும் பைரெத்ராய்டு வகை மருந்துகளுக்கு உலகம் முழுக்க மூட்டைப்பூச்சிகள் பழகிவிட்டன. இது புதிதும் அல்ல. இரண்டாம் உலகப் போரின்போது டி.டி.டி. என்ற பூச்சிக்கொல்லி வந்து மூட்டைப்பூச்சியை ஒழித்துவிடும் என்று நம்பினார்கள், 1947-லேயே ஹவாயில் பேர்ல் ஹார்பர் படை முகாமில் டி.டி.டி.க்குச் சாகாத மூட்டைப்பூச்சிகளைக் கண்டார்கள். ஸ்ப்ரே அடித்தால் பூச்சி சாகாமல் கலைந்து ஓடி உங்கள் பைக்கும் வரும், மருந்து உங்கள் குழந்தையின் மூச்சில் போகும். மண்ணெண்ணெய், ஸ்பிரிட் ஊற்றுவது மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தின கதையாகவே முடியலாம். கற்பூரம், அந்துருண்டை, வேப்பிலை, சத்தமில்லாமல் விரட்டும் என்று விற்கும் மின்கருவி, எதையும் நம்பி இருக்க முடியாது.

காலையில் கடித் தடம் இல்லை என்பதால் அறை சுத்தம் என்று முடிவு கட்ட வேண்டாம். பலருக்குத் தடிப்பே வராது. முதல் முறை கடிபடுகிறவர்களுக்கு ஒன்றிரண்டு வாரம் கழித்தும் வரலாம். அதற்குள் நீங்கள் வீட்டுக்கு வந்து, வீட்டில்தான் ஏதோ இருக்கிறது என்று தேடிக்கொண்டிருப்பீர்கள். அதேபோல, கை, கழுத்து, முதுகு என்று போர்வைக்கு வெளியே இருந்த இடத்தில் மூன்று நான்கு தடிப்பு ஒரே கோட்டில் இருந்தால் சந்தேகப்படலாம், ஆனால் தடிப்பை மட்டும் வைத்து மருத்துவராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. கறைதான் சாட்சி. ஊறலுக்குக் கலமைன் லோஷன் தடவி, சொறியாமல் விட்டால் அடங்கும். கொப்புளம், சீழ், காய்ச்சல் வந்தால் டாக்டரிடம் காட்டுங்கள்.

வாடகை அதிகம் என்றால் மூட்டைப்பூச்சி இருக்காது என்ற நம்பிக்கையும் வேண்டாம். அழுக்கு அதற்குத் தேவையில்லை, ரத்தமும் இடுக்கும் போதும். 2023 இலையுதிர் காலத்தில் பாரிஸில் ரயில், சினிமா தியேட்டர், ஓட்டல் என்று மூட்டைப்பூச்சிப் பீதி உலகச் செய்தியானதே. நட்சத்திர ஓட்டலுக்கும் அது விருந்தினர் பையில்தான் வருகிறது. வித்தியாசம் என்னவென்றால் நல்ல ஓட்டலில் சொன்ன அன்றே அறையை மூடி வேலை பார்ப்பார்கள். ஸ்லீப்பர் பஸ்ஸில் போவதாக இருந்தால் பெர்த்தின் ரெக்ஸின் தையலையும் பக்கவாட்டு இடுக்கையும் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு ஏறிப் படுங்கள்.

இனி திரும்பி வந்த பிறகு. அறை சுத்தம் என்று தெரிந்திருந்தாலும் பை நேரே படுக்கையறைக்குப் போகக் கூடாது. மொட்டை மாடியிலோ பால்கனியிலோ பழைய வெள்ளை வேட்டி ஒன்றை விரித்து அதன் மேல் பிரியுங்கள், விழுவது தெரியும். உடுத்தியது, உடுத்தாதது என்று பார்க்காமல் எல்லாத் துணியையும் நேரே துவைக்கப் போடுங்கள். குளிர்ந்த தண்ணீரில் மெஷின் சுற்றினால் முட்டை சாகாது, சூடுதான் கொல்லும். முழுப் பூச்சிக்கு 48, 49 டிகிரி செல்சியஸ், முட்டையும் சாக 55 டிகிரி வேண்டும். மெஷினில் 60 டிகிரி இருந்தால் அதைப் போடுங்கள். டிரையர் இருந்தால் உச்சச் சூட்டில் அரை மணி. இரண்டும் இல்லையென்றால் பருத்தித் துணிகளை அகலமான அண்டாவில் போட்டு, நன்றாகக் கொதித்த தண்ணீரை மூழ்க ஊற்றி, மூடி அரை மணி வையுங்கள். சாயம் போகும் துணியைத் தனியாகப் பிரித்துவிடுங்கள்.

கோயில் பயணத்தில் பட்டுப்புடவையும் வரும். அதை வெந்நீரில் போட முடியாது. காற்றுப் புகாத கவரில் வைத்து ஃப்ரிட்ஜின் ஃப்ரீசரில், மைனஸ் 18 டிகிரி கிடைக்கிறது என்றால் முழுதாக நான்கு நாள் வையுங்கள். ஒரே கதவுள்ள பழைய ஃப்ரிட்ஜில் அவ்வளவு குளிர் கிடைக்காது, அதை நம்பாதீர்கள். எடுத்ததும் கவரைப் பிரிக்காமல் அறை வெப்பத்துக்கு வரும் வரை விடுங்கள், இல்லாவிட்டால் பட்டில் நீர் கோர்த்துக்கொள்ளும். புத்தகம், தோல் செருப்பு, குழந்தையின் துணிப் பொம்மை இவற்றுக்கும் இதே வழி.

பைக்கு ஏப்ரல், மே வெயில் உதவும், ஆனால் வெறுமனே வெயிலில் வைத்தால் பூச்சி நிழல் பக்கத்துக்கு நகர்ந்துவிடும். காலி பையின் எல்லா ஜிப்பையும் திறந்து, கறுப்புப் பிளாஸ்டிக் கவருக்குள் போட்டு இறுக்கிக் கட்டி, மொட்டை மாடித் தரையில் காலை பத்திலிருந்து நான்கு மணி வரை, நடுவில் ஒரு முறை புரட்டிப் போடுங்கள். கவருக்குள் பைக்கு அடியில் ஒரு தெர்மாமீட்டர் வைத்துப் பாருங்கள், ஜுரம் பார்க்கும் கருவி 42-க்கு மேல் காட்டாது, சமையலுக்கு விற்கும் கருவிதான் வேண்டும். மிகக் குறைவாகச் சூடாகும் அந்த அடிப்பக்கமே 55-ஐத் தாண்டி ஒரு மணி நேரமாவது நின்றிருக்க வேண்டும். மழைக்காலத்தில் இது நடக்காது. அப்போது வாக்குவம் கிளீனரின் மெல்லிய முனையால் பையின் உள்தையல், ஜிப் ஓரம், சக்கரக் குழி எல்லாவற்றையும் இழுத்துவிட்டு, துணி இஸ்திரியின் நீராவியைத் தையலில் மெதுவாக நகர்த்திக் காட்டுங்கள். வாக்குவத்தில் சேர்ந்ததைக் கவரில் கட்டி வெளியே குப்பையில் போட மறக்காதீர்கள்.

அடுத்த முறை பை வாங்கும்போது வழவழப்பான கெட்டி உறையுள்ள, வெளிர் நிறப் பையாகப் பாருங்கள். பூச்சிகள் கறுப்பையும் சிவப்பையும் நாடும், மஞ்சளையும் பச்சையையும் தவிர்க்கும் என்று ஃபுளோரிடாவில் 2016-இல் ஆய்வில் கண்டிருக்கிறார்கள். மஞ்சள் பை காப்பாற்றிவிடும் என்று அதற்கு அர்த்தம் இல்லை. வெளிர் நிறத்தில் ஊர்வது உங்கள் கண்ணுக்குத் தெரியும் என்பதுதான் பெரிய லாபம்.

வந்து சேர்ந்து ஆறு வாரம் வரை, வாரம் ஒரு முறை உங்கள் வீட்டுக் கட்டிலின் தலைமாட்டு மூலைகளையும் இதே போல டார்ச் அடித்துப் பாருங்கள். ஒரு முட்டை தப்பி வந்திருந்தாலும் அது கறை வைக்கத் தொடங்குவது அந்தக் காலத்துக்குள்தான், அப்போது பிடித்தால் ஒரு கட்டிலோடு முடிந்துவிடும்.